கடலுக்குப் போன விளக்குத் தண்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டே பல வருடம் கழிந்துவிட்டது. ஒருமுறை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, கீழே ‘முருகன் துணை’ என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்த நோட்டில் பேத்தி மயிலும் மாடுமாக வரைந்து தீர்த்துவிட்டாள்.

முதலாளி உயிரோடு இருக்கிறவரை எழுதக்கூடாது என்று நினைத்தேன். அவர் போன பிறகு, செத்துப்போனவரைப் பற்றி எழுதுவது பாவம் என்று நினைத்தேன். இரண்டும் சாக்கு. முதலாளியைப் பற்றி எழுத எனக்குப் பயம் இல்லை. நான் எழுதிய ஒரு தபால் கார்டைப் பற்றி எழுதத்தான் பயம்.

நான் எட்டாவது வரை படித்தவன். கோயம்புத்தூர் ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் லேத்தில் நின்றவன். கிணற்று மோட்டாருக்கும் பம்புக்கும் உதிரி பாகம் கடைவது எங்கள் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் முதலாளி ஒரு நீல டிராயிங்கைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் லேத்துக்கே வந்தார். வழக்கமாக ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார்.

“ஏனுங்க, கடல் பாத்திருக்கறீங்களா?” என்று கேட்டார்.

“திருச்செந்தூர்ல பாத்தனுங்க. ரெண்டு முழுக்குப் போட்டுட்டு வந்துட்டனுங்க.”

“இப்ப நம்ம பட்டறைச் சாமான் ஒண்ணு பொழுதன்னிக்கும் முழுகப் போகுதுங்க” என்று சிரித்தார்.

தெற்குக் கடற்கரையில் ஒரு சிறிய துறைமுகம். அங்கே கடல் ஏறுவதையும் வடிவதையும் தானாகவே அளந்து எழுதுகிற மெஷின் வைக்கப் போகிறார்கள். கடலுக்குள் நீளுகிற படகுப் பாலத்தின் ஓரமாக ஒரு பெரிய குழாயைக் கடலுக்குள் நேராக இறக்குவார்கள். குழாயின் அடியில் சிறிய துளை. வெளியே அலை எவ்வளவு அடித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் அமைதியாக ஏறும், இறங்கும். அந்தத் தண்ணீரின் மேல் ஒரு மிதவை. மிதவையில் கட்டிய கம்பி மேலே ஒரு சக்கரத்தில் சுற்றியிருக்கும். மிதவை ஏற இறங்கச் சக்கரம் திரும்பும். பக்கத்தில் இருக்கிற பெட்டி அதைப் பார்த்துத் தன் பாட்டுக்கு எழுதிக்கொள்ளும். பெட்டி எங்கிருந்தோ வந்தது. மிதவை மட்டும் எங்களுடையது.

தவலை அளவில், இரண்டு பக்கமும் மூடிய உருளை. துருப்பிடிக்காத எவர்சில்வர் தகடு. எல்லாப் பக்கமும் மூடி வெல்டிங்கில் பற்ற வைக்கும்போது உள்ளே இருக்கிற காற்று சூடேறிக் கடைசி ஒட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். அதற்காக அடி மூடியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு துளை விட்டு, எல்லாம் ஆறிய பிறகு அடைக்க வேண்டும். அதே எவர்சில்வரில் அடைப்பு செய்து, அதன் மேல் பற்றவைக்க வேண்டும் என்று டிராயிங்கில் இருந்தது.

நான் பித்தளையில் செய்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீருக்குள் போகிற எதற்கும் பித்தளைதான். வெள்ளகோவில் பக்கத்துக் கிணறுகளிலிருந்து இருபது வருடம் கழித்து மேலே வந்த பம்பைப் பிரித்திருக்கிறேன். இரும்பு தின்றுபோயிருக்கும், பித்தளைத் திருகு புளி போட்டுத் தேய்த்தால் புதிதாக நிற்கும். அது ஒரு காரணம். இன்னொன்று, என் வீட்டுக் குத்துவிளக்கு.

அது என் மனைவிக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்தது. அந்த வருடம் அதன் அடிப்பாதம் விரிசல் விட்டுவிட்டது. உடைந்த விளக்கை ஏற்றக்கூடாது. பழைய சாமான்காரனுக்குப் போடவும் மனம் வராது. ஓடுகிற தண்ணீரில் சேர்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிச் சொல்லி நாலு மாதம் ஆகியிருந்தது.

“ஏனுங்க, அந்த வெளக்கு மூலைல கெடக்கறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது” என்றாள் அவள். “எப்பத்தான் கொண்டு போவீங்க?”

“கூடுதுறைக்கு எதுக்கு அம்மணி, கடலுக்கே போகட்டும்” என்றேன்.

சூடம் காட்டி, முருகனிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு, விளக்கின் தண்டிலிருந்து ஒரு துண்டு அறுத்தேன். அதை லேத்தில் பிடித்து மரை வெட்டி, மிதவையின் துளையில் இறுக்கினேன். திருகு எண்ணெய் போட்டதுபோல வழுவழுவென்று போய் உட்கார்ந்தது. முதலாளி விரலால் தடவிப் பார்த்தார்.

“பித்தளை போட்டுட்டீங்களா? நல்லதுங்க, சாகற வரைக்கும் நிக்கும்” என்றார்.

தொட்டித் தண்ணீரில் ஒரு பகல் ஒரு இரவு முழுக்கி வைத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு எல்லாச் சாமானுக்கும் அடிப்பதுபோல இதற்கும் பெயின்ட் அடித்தோம். வாங்க வந்தவர்கள் எடை பார்த்தார்கள், அளவு பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, பித்தளை என்று நாங்களும் சொல்லவில்லை. மறைக்கிறோம் என்ற எண்ணமே அப்போது எங்களுக்கு இல்லை.

பொருத்துவதற்கு என்னையும் அனுப்பினார்கள். மிதவையைச் சணல் சாக்கில் சுற்றி வேனில் வைத்து, மடியில் விளக்கின் மிச்சத் துண்டுகளோடு போனேன்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். இந்த எழுத்தில் அவரை அண்ணா என்றே சொல்கிறேன், நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஐம்பது வயது தாண்டியவர். அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காதில் ஒரு பென்சில். தினக்கூலி ஆள்தான், ஆனால் இருபது வருடத்துக்கு மேலாகப் பகலில் மணிக்கு ஒருமுறை அந்தப் பாலத்தின் கடைசித் தூணுக்குப் போய்வந்தவர். தூணில் எண் எழுதிய நீளமான மரக்கட்டை ஆணியடித்திருக்கும். கடல் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை.

கடல் எங்கே நிற்கிறது? அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவர் அவசரப்பட மாட்டார். பத்து அலை எண்ணுவார். ஒவ்வொன்றும் எதுவரை ஏறியது, எதுவரை இறங்கியது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார். பிறகு நடு எண்ணை எழுதுவார். பத்து எண்ணி முடியாமல் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். நான் ஜெபம் பண்ணும்போதுகூட நடுவில் திரும்பிப் பார்க்கிறவன். எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது.

மிதவையை இறக்கிய அன்று துறைமுக அதிகாரி அவரையே கட்டையைப் பார்க்கச் சொன்னார். அவர் சொன்ன எண்ணைத்தான் பெட்டியில் முதல் எண்ணாக வைத்தார்கள். அவர் வாயிலிருந்துதான் அந்த மெஷின் கணக்கைத் தொடங்கியது.

“பாத்தீங்களா தம்பி, எனக்குப் பேரன் பொறந்துட்டான்” என்றார் என்னிடம். “இனி நான் எதுக்குன்னு கேப்பானுவ.”

“உங்களை வெச்சுத்தானுங்க அதைச் சரிபாக்கோணும். அதிகாரியே சொன்னாரே.”

“இப்பதைக்குச் சொல்லுதாரு.”

வேலை முடிந்ததும் பாலத்தின் ஓரம் நின்று விளக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கடலில் விட்டுக் கும்பிட்டேன். அவர் பின்னால் நின்று பார்த்தார்.

“கடலுக்கே வெளக்குக் குடுக்கீங்களா?”

விவரம் சொன்னேன். தண்டு மிதவைக்குள் இருப்பதையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

“பித்தளையா? எங்க ஆளுவ படகுக்குச் செம்பு ஆணிதான் அடிப்பாவ. கடல்ல பித்தளை நிக்குமா தம்பி?”

நான் சிரித்தேன். “அண்ணா, நீங்க கடலைப் பாத்தவங்க. நான் பித்தளையைப் பாத்தவனுங்க.”

“ஒங்க மெதவை பொய் சொல்லாதுல்ல?”

“முருகன் மேல சத்தியமாச் சொல்லாதுங்க” என்றேன். நெற்றியில் திருநீறோடு சொன்னேன். அன்று மத்தியானம் அவர் வீட்டில் எனக்காகத் தனியாகப் பருப்பும் அப்பளமும் செய்து போட்டார்கள், நான் சைவம் என்று தெரிந்து.

ஒரு வருடம் ஆகியிருக்கும். பட்டறை விலாசத்துக்கு அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கொட்டை எழுத்து. அதில் இருந்ததை நினைவில் இருக்கிறபடி சொல்கிறேன். கட்டையும் மெஷினும் முதலில் ஒரே எண்ணைத்தான் சொல்லின. சில மாதமாக மெஷின் குறைத்துச் சொல்கிறது. முதலில் நூல் அளவு, இப்போது இரண்டு விரற்கடை. மிதவையைத் தூக்கிப் பாருங்கள் என்று கேட்டேன், பெட்டி நன்றாக இருக்கிறது என்று தூக்க மாட்டேன் என்கிறார்கள். பித்தளை இருக்கிறது என்று சொன்னேன், டிராயிங்கில் பித்தளையே இல்லை, நீ கதை கட்டுகிறாய் என்கிறார்கள். மெஷின் வந்தால் என் வேலை போய்விடும் என்று நான் வேண்டுமென்றே ஏற்றி எழுதுகிறேனாம். நீங்கள் செய்தவர். ஒரு வரி எழுதினால் தூக்கிப் பார்ப்பார்கள்.

முதலாளியிடம் காட்டினேன். படித்துவிட்டு மேசை மேல் வைத்தார்.

“இதுக்குப் பதில் போட வேண்டாங்க. அவுங்களா கேட்டா அப்ப பாத்துக்கலாம்.”

அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். எழுதியது நான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கைவேலையை ஒருவர் சந்தேகப்படுகிறார், அதுவும் சாமி விளக்கை வைத்துச் செய்ததை. அன்றைக்கே ஒரு கார்டு வாங்கி, தலையில் ‘முருகன் துணை’ போட்டு எழுதினேன். மிதவையில் குறை வர வழியே இல்லை. தாங்கள் வயதில் மூத்தவர். எதற்கும் ஒருமுறை கண்ணைக் காட்டிப் பார்க்கவும்.

பித்தளை என்ற வார்த்தையை எழுதவில்லை. டிராயிங்கில் இல்லாததைச் செய்தேன் என்று எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டாமே என்று அந்த நேரத்தில் ஓரமாக ஒரு எண்ணம் ஓடியது. அந்த எண்ணத்தை மட்டும் நான் இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து கார்டு வரவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு ஆறேழு மாதம் கழித்து, லாரி சர்வீஸில் ஒரு சாக்கு மூட்டை வந்தது. உள்ளே எங்கள் மிதவை. கூடவே ஒரு தாளில், மிதவை மூழ்கிவிட்டது, இதே அளவில் வேறு ஒன்று செய்து அனுப்பவும் என்று இருந்தது. தூக்கிப் பார்த்தேன். கனத்தது. அசைத்தேன், இளநீர் குலுங்குவதுபோல உள்ளே தண்ணீர் குலுங்கியது. பெயின்டைச் சுரண்டினால் அந்தத் திருகு பித்தளை நிறத்தில் இல்லை, வெளிறிய சிவப்பாக இருந்தது. நகத்தால் அழுத்தினேன், ஊறிய ரொட்டிபோல உதிர்ந்தது. உள்ளே தண்ணீர் சேரச் சேர மிதவை தாழ்ந்திருக்கிறது, அதனால்தான் மெஷின் குறைத்துச் சொல்லியிருக்கிறது; அண்ணாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

முதலாளி வந்து எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார்.

“பேசாம புதுசு ஒண்ணு பண்ணிக் குடுத்தர்லாங்க” என்றார் பிறகு. “டிராயிங்ல இருக்கறாப்ல. இதை வெட்டி ஸ்கிராப்புல போட்டுருங்க.”

வெட்டினேன். திருகில் மிச்சம் இருந்ததை மட்டும் திருநீற்றுப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பாயிடம் கொண்டுபோனேன். பழைய பித்தளை, செம்புப் பாத்திரம் வாங்கி விற்கிறவர். தராசு மேல் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு, அந்தத் துண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“இதென்னுங்க, பித்தளையாவா இருந்துச்சு?”

“நல்ல பித்தளைங்க பாய். சீர் வெளக்கு.”

“பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும் சேந்ததுதானுங்க. உப்புத்தண்ணி துத்தநாகத்தை உறிஞ்சிப்போட்டுது. செம்பு மட்டும் சல்லடையா நிக்குது. அதுவும் எவர்சில்வர்ல முறுக்கி வெச்சீங்களா? அப்ப இன்னும் வெரசாத் திங்குமுங்க. கொச்சிப் பக்கமிருந்து வர்ற சாமான்ல இதை நெறையப் பாத்திருக்கறேன்.” துண்டைத் திருப்பிக் கொடுத்தார். “நம்மூருக் கெணத்துல போட்டிருந்தா உங்க பேரன் காலத்துக்கும் ஒண்ணும் ஆயிருக்காதுங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அண்ணாவின் கார்டைப் பற்றியும் என் பதிலைப் பற்றியும் அன்றுதான் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“வெளக்கு மேல பழி போட்டுடாதீங்க” என்றாள். “வெளக்கு ஒண்ணும் கார்டு எழுதலை. போயி அவுங்ககிட்டச் சொல்லிப்போட்டு வாங்க.”

உடனே போயிருக்க வேண்டும். புது மிதவை செய்து அனுப்புகிற வேலை, பிறகு தைப்பூசத்துக்குப் பழனி நடை, பிறகு மகளுக்குப் பிரசவம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் மருதமலை ஏறும்போது திருநீற்றுப் பையில் அந்தத் துண்டு விரலில் படும். அடுத்த மாதம் போகிறேன் முருகா என்பேன். கடைசியில் மழைக்காலம் முடிந்த பிறகு முதலாளியிடம் லீவு கேட்டேன். எதற்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“போறதுன்னா போங்க. நான் தடுக்கலை” என்றார். “பட்டறை பேரை மட்டும் சொல்லாதீங்க. இன்னும் நாலு துறைமுகத்துக்குக் கேட்டிருக்கறாங்க. இங்க எத்தனை ஊட்ல அடுப்பு எரியுதுன்னு உங்களுக்கே தெரியுமுங்க.”

சரி என்று தலையாட்டினேன்.

அண்ணா பாலத்தில் இல்லை. விசாரித்துப் போனபோது கருவாடு காயப்போடுகிற களத்தில், கையில் ஒரு நீளக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். காக்கை விரட்டுகிற வேலை. தடித்த கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வாரும் கோயம்புத்தூர்க்காரரே. ஒம்ம கடுதாசி கெடச்சுது.”

‘தம்பி’ என்று கூப்பிட்டது போய்விட்டது. நான் மணலில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பாய் சொன்னதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை வெறும் கண்ணால் பார்த்தார்.

“இந்தக் கண்ணாடி நீரு சொல்லிப் போட்டது” என்றார். “போடாமயே நல்லாத் தெரியுது பாரும்.”

பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதற்குள் என் கார்டு இருந்தது. என்னிடம் நீட்டினார்.

“நீரே படியும். எனக்குத்தான் கண்ணு சரியில்லையே.”

படித்தேன். ‘முருகன் துணை’யிலிருந்து என் கையெழுத்து வரை படித்தேன். நடுவில் நிறுத்தியபோது குச்சியால் மணலைத் தட்டி, “ம், மேல” என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். என் கார்டு வந்ததும் நல்ல சேதி என்று நினைத்துப் பிரிக்காமலேயே அதிகாரியிடம் ஓடியிருக்கிறார். கார்டில் பிரிக்க என்ன இருக்கிறது, படித்துக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதிகாரி சத்தமாகப் படித்தார். “செஞ்சவனே உன் கண்ணைப் பாக்கச் சொல்றான்யா” என்றாராம். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“அதுக்குப் பொறவு எனக்கே சந்தேகம் வந்துட்டு. சாமி கும்புடுத மனுசன் சத்தியம் பண்ணிச் சொல்லுதாரு, நமக்குத்தான் வயசாயிட்டுன்னு நெனச்சேன். கண்ணாடி போட்டேன். போட்டும் கட்டையில அதே நம்பர்தான் தெரியுது. பயந்துட்டேன். பொறவு என்ன செஞ்சேன் தெரியுமா? கட்டையைப் பாக்குததை விட்டேன். பெட்டியில வாரதைப் பாத்து அதையே எழுதுனேன். ரெண்டு மாசம்.”

குச்சியைக் கீழே வைத்தார்.

“இருபது வருசத்துல நான் எழுதுன பொய்யி அந்த ரெண்டு மாசந்தான்.”

ஒரு நாள் அதிகாரி சொல்லாமல் வந்து, தானே கட்டையைப் பார்த்திருக்கிறார். கட்டையில் ஒரு எண், அண்ணாவின் நோட்டில் நாலு விரற்கடை குறைவாக வேறு எண். நீ பாலத்துக்கே போகாமல் பெட்டியைப் பார்த்து எழுதுகிறாய் என்று பிடித்துக்கொண்டார். அது உண்மை. அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். கட்டை ஏன் வேறு சொல்கிறது என்றதற்கு, படகு இடித்துக் கட்டை நகர்ந்துவிட்டது என்று அவர்களே முடிவு செய்து, கட்டையைப் பிடுங்கி நாலு விரல் மேலே தூக்கி அடித்தார்கள். மேலே போனதும் கட்டையும் நாலு விரல் குறைத்துச் சொன்னது, மெஷினோடு ஒத்துப்போனது. பிறகு மிதவை முழுதாக மூழ்கியபோது புது மிதவை போட்டார்கள். நான் சரியாகச் செய்து அனுப்பியது. அதை எந்தக் கட்டையைப் பார்த்துத் தொடங்கினார்கள்? தூக்கி அடித்த கட்டையை.

“இப்பவும் இங்க கடலு நாலு வெரல் கொறச்சலாத்தான் எழுதிட்டிருக்கு” என்றார் அண்ணா. “எனக்கு வேல போனதுகூடப் பெருசில்ல. அது ஒறங்க விட மாட்டேங்கு.”

மறுநாள் காலை இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனோம். நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். மிதவையில் பித்தளை வைத்தது என் தவறு, இவர் முதலில் சொன்ன அளவுகள் எல்லாம் சரி, கட்டையைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும் என்று. அந்தத் துண்டையும் தாளின் மேல் வைத்தேன். அதிகாரி பொறுமையாகப் படித்தார், அதைச் சொல்ல வேண்டும்.

“நீங்க எந்த கம்பெனி சார்பா வந்திருக்கீங்க?”

அண்ணா என்னைப் பார்த்தார். முதலாளியிடம் தலையாட்டியது எனக்கு ஞாபகம் வந்தது.

“யார் சார்பாவும் இல்லீங்க. நானா வந்தனுங்க.”

“மிதவை செஞ்சவர்னு உங்ககிட்ட என்ன அத்தாட்சி இருக்கு?”

ஒன்றும் இல்லை என்றேன். முதலாளியின் லெட்டர் பேடில் இரண்டு வரி இருந்தால் போதும் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. கேட்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“இப்படி யார் வேணா எழுதிக் குடுக்கலாம்” என்றார் அதிகாரி. “இவரே பெட்டியைப் பாத்து எழுதினேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். இப்ப மெஷினும் கட்டையும் சரியா ஒத்துப்போகுது. எதுக்குங்க திரும்பக் கிளறிக்கிட்டு?” தாளை ஒரு பைலுக்குள் வைத்தார். துண்டைக் குப்பை என்று நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் தள்ளிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை அண்ணா கூட வந்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் ஓரம் வந்து நின்றார்.

“நீரும் நாலு வெரல் கொறைச்சுத்தான் சொன்னீரு” என்றார்.

நான் தலைகுனிந்தேன்.

“என்னைக்காவது முழுசா எழுதும். கூட்டாண்டாம், கொறைக்காண்டாம். நம்பர் எப்படி நிக்கோ அப்படியே எழுதும்.”

ஊருக்குப் போன பிறகு எழுதுகிறேன் என்றேன். இரண்டு வருடம் ஒன்றும் செய்யவில்லை. பட்டறையில் இன்னும் நாலு மிதவை செய்தோம், எல்லாம் எவர்சில்வர் அடைப்போடு. ஒரு கந்த சஷ்டியின்போது மனசு கேட்காமல், சௌக்கியமா என்று கேட்டு அவருக்கு ஒரு கார்டு போட்டேன். அது திரும்பி வந்தது. மேலே தபால்காரர் பேனாவில் ‘பெறுபவர் காலமானார்’ என்று எழுதியிருந்தார். அவர் கையில் என் கார்டு ஒன்றுதான் சேர்ந்தது. கண்ணைக் காட்டிப் பார்க்கவும் என்று எழுதிய அந்தக் கார்டு.

அந்தக் கட்டையைப் பிறகு யாராவது அளந்து பார்த்து இறக்கி வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. வைத்திருந்தால் அவர்களுக்குப் புண்ணியம். என் பூஜை அறையில் புது விளக்கு எரிகிறது. அந்தத் துண்டு அதன் பக்கத்தில் ஒரு சிமிழில் இருக்கிறது. அதைத் தண்ணீரில் சேர்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடற்கரைப் பக்கத்து ஆள் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். பேர் இல்லாவிட்டாலும் காதில் பென்சில் வைத்துப் பத்து அலை எண்ணியவர் என்றால் தெரிந்துகொள்வார்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்கிச் சொல்ல வேண்டாம். முதலாளியைக் கெட்டவராக்கவும் வேண்டாம், அவர் பதில் போட வேண்டாம் என்றவர். சாமி தண்டித்தார் என்று ஒரு முடிவு சேர்த்துவிடாதீர்கள், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அவர் இரண்டு மாதம் பெட்டியைப் பார்த்து எழுதினார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அதை அவரே சொன்னார். இங்கே எப்படி நிற்கிறதோ அப்படியே சொல்லுங்கள்.